பச்சைப் பாலத்தில் ஒரு 'நீ'

டாக்டர் கோர்னேல் என் வாய்க்குள் கையை விட்டு மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருக்கிறார். என் புருஷன் செத்த அன்று சவப்பெட்டிக்காரனோடு எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார். ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு, இருபது வருஷப் பழக்கம். அப்படியும் நாங்கள் ஒருவருக்கொருவர் 'நீங்க'தான். காலையில் கதவைத் திறந்தால் தொப்பியைத் தூக்கி, "கையை முத்தமிடுறேன், டீச்சரம்மா" என்பார். புடாபெஸ்டில் அவர் வயது ஆண்கள் எல்லாப் பெண்களுக்கும் சொல்கிற வணக்கம் அது. சந்தையில் மீன் விற்கிறவளுக்கும் அதையேதான் சொல்வார். என் கை இருந்த இடத்திலேயே இருக்கும்.

'நீ'க்கு மாறுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சம்மதிக்க வேண்டும். பிறகு கையோடு கை கோத்து ஆளுக்கொரு கிளாஸ் ஒயின் குடித்துப் பேரைச் சொல்லிக்கொண்டால் அன்றிலிருந்து சாகும்வரை 'நீ'தான். கேட்க வேண்டியவர் வயதில் மூத்தவர். அவர் எனக்கு ஒன்பது வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் ருஷ்ய மொழியும், அதை யாரும் சீந்தாமல் போனபிறகு ஜெர்மனும், இரண்டோடு சேர்த்து மரியாதையும் சொல்லிக்கொடுத்தவள் நான். நானே முந்திக்கொண்டு கேட்பேனா? அவரே கேட்கட்டும் என்று இருந்தேன். மனுஷன் வாயே திறக்கவில்லை. கல்லுளிமங்கன்!

போன குளிர்காலத்தில் படியில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் இருக்கும் அவர் மகள் டீமெயா, "இனிமே தனியா இருந்தது போதும்பா" என்று முடிவு கட்டிவிட்டாள். இன்றைக்கு வண்டியோடு வந்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். எங்கள் காலண்டரில் ஒவ்வொரு பேருக்கும் ஒரு நாள் உண்டு; இன்று கோர்னேல் என்ற பேருக்கு உரிய நாள். பேர்நாளுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: டான்யூப் ஆற்றின் மேலுள்ள பச்சைப் பாலத்தை ஒரு தடவை நடந்து கடக்க வேண்டும். மகள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கரையில் வந்து நிற்பதாக ஏற்பாடு.

என் கதவைத் தட்டினார். பையில் ஒரு ஒயின் பாட்டில், இரண்டு கிளாஸ். இரண்டு! இன்று கேட்டுவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நல்ல ரவிக்கையை எடுத்துப் போட்டேன்.

பாலத்தின் பாதியில், இரும்புச் சட்டம் தாழ்ந்து வருகிற இடத்தில் உட்கார்ந்தோம். எங்களுக்கு மேலேயும் கீழேயும் வழக்கம்போல இளவட்டங்கள் அடைந்து கிடந்தார்கள். மஞ்சள் டிராம் போகும்போதெல்லாம் முதுகெலும்பு வரைக்கும் அதிர்ந்தது.

"பாத்து உக்காருங்க டாக்டர், இரும்பு சுடுது."

"சுடட்டும். லின்ஸ்ல எந்த இரும்பு என்னைச் சுடப்போகுது?"

"அங்கயும் இதே டான்யூப்தானே ஓடுது."

"அங்கேருந்துதான் இங்க வருது. நான்தான் எதிர்த்திசையில போறேன்." நான் சுட்டு எடுத்துப்போன பொகாச்சா ரொட்டியைக் கடித்தார். "நல்லாருக்கு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

"பல்லைப் பிடுங்கறவருக்கு ருசிப் பேச்சு வேறயா!"

சிரித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, 'வர்றியாப்பா'ன்னு டீமெயா என்னைக் கேக்கல. பெட்டியோட வந்து நின்னா, அவ்வளவுதான். 'போகாதே'ன்னும் யாரும் சொல்லல."

"நான் சொன்னேனே! ஞாயித்துக்கிழமை மாடிப்படியில வச்சு, 'போகாதீங்க டாக்டர்'னு!"

"சொன்னீங்க. தபால்காரனும் சொன்னான். கீழ்வீட்டுக்காரியும் சொன்னா. அது மரியாதைக்கு எல்லாரும் சொல்றது. 'போகாதே'ன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொன்னாக்கூடப் பெட்டியை இறக்கிடுவேன்."

அந்த ஒருத்தி பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்! ஆனால் 'போகாதே' என்று சொல்ல 'நீ' வேண்டுமே. கேளுய்யா, கேட்டுத் தொலையேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். அவர் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வாய் குடித்தார். மழை வருமா என்று கேட்டார். வராது என்றேன்.

மேலே ஒரு பையன் பக்கத்துப் பெண்ணிடம், "உன் பேரென்ன? நீ எந்தக் காலேஜ்?" என்று கேட்டான்.

"பாத்தீங்களா? பேரு தெரியறதுக்கு முன்னாடியே 'நீ'ங்கறான்" என்றார் டாக்டர். "எங்க காலத்துல பொம்பளை தானா வாய் திறந்து சொல்லணும். அதுவரைக்கும் ஆம்பளை காத்திருக்கணும், எத்தனை வருஷம் ஆனாலும் சரி."

எனக்கு ஒயின் புரையேறியது. ஐயோ, அந்த முறையும் உண்டே! ஆணும் பெண்ணும் என்றால் கேட்க வேண்டியவள் பெண். நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். நான் வயதைப் பார்த்தேன், அவர் என்னைப் பெண்ணாகப் பார்த்திருக்கிறார். ஒரே வாசலில் நின்றுகொண்டு 'நீங்க முதல்ல', 'இல்ல, நீங்க முதல்ல' என்று இருபது வருஷத்தைக் கழித்திருக்கிறோம், இரண்டு மரியாதைப் பைத்தியங்களும்.

"டாக்டர், நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான். வண்டியை நிறுத்த இடமில்லையாம், போலீஸ்காரன் விரட்டுகிறானாம், உடனே வரச் சொன்னாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மிச்ச ஒயினை ஆற்றில் ஊற்றிவிட்டு, "கிளாஸை நீங்க வச்சுக்கோங்க" என்று என் கையில் கொடுத்தார். அவர் நொண்டி நொண்டி நடக்க, நானும் கூடவே நடந்தேன். கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, கரை வரும்வரை அவர் முட்டியைப் பற்றியே விசாரித்துக்கொண்டு வந்தேன்.

பாலம் முடிகிற சதுக்கத்தில் வண்டி நின்றது. "அப்பாவை இத்தனை நாள் நல்லாப் பாத்துக்கிட்டீங்க டீச்சர், ரொம்ப நன்றி" என்றாள் டீமெயா. பெற்ற மகள் முன்னால் எப்படிக் கேட்பேன்? பக்கத்தில் சரிந்து ஏறும் இரும்புச் சட்டத்தில் ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தொப்பியைத் தூக்கினார். "கையை முத்தமிடுறேன், டீச்சரம்மா."

குனிந்து ஒரு காலை வண்டிக்குள் வைத்தார்.

"போகாதே!"

வகுப்பறைக் குரல், சதுக்கம் முழுக்கக் கேட்டது. டிராமுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏறிக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். டீமெயா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாச் சொன்னீங்க டீச்சர்! விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது?"

டாக்டரும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார்.

என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவர் கேட்டதே இல்லை. தனக்கென்று எப்படித் தோன்றும்? "பாவம், சின்னப் பொண்ணு" என்று கவலையாகச் சொன்னார். வண்டிக்குள் உட்கார்ந்து இன்னொரு காலையும் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

'உன்னைத்தான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊரான் பிள்ளைகளை அதட்டியே காலம் தள்ளியவளுக்கு அது வரவில்லை. அழுகைதான் வந்தது. போலீஸ்காரன் விசில் ஊதினான். வண்டி கிளம்பியது. பின் கண்ணாடியில் தொப்பி அசைந்தது. நானும் கிளாஸ் பிடித்த கையை ஆட்டினேன்.

அந்தப் பெண் இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். "சரி பெரியம்மா, போகல. இதோ இறங்கிட்டேன் பாருங்க. இதுக்குப் போய் அழலாமா?"

"நீ நல்ல பொண்ணு" என்றேன். அவளிடம் 'நீ' எவ்வளவு சுலபமாக வந்தது.