கேபின் போலப் பூட்டிய ஆபீஸ்

ஜூலை மாதம் எங்கள் நகராட்சி அலுவலகத்தில் ஈ, காக்கை இருக்காது. மேயர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் கடலோரத்திலோ மலையிலோ வைத்திருக்கும் கேபினுக்கு, அதாவது விடுமுறைக்கான மரவீட்டுக்கு, போய்விடுவார்கள். நோர்வேக்காரனுக்கு அந்தச் சில வாரங்களில் ஆபீஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துவிடும். கணினிகளைப் பராமரிக்கிற எனக்கு மட்டும்தான் ஜூலையில் வேலை. ஆள் இல்லாத கணினிகள் வேறு எப்போது கையில் கிடைக்கும்?

இந்த வருடம் பழைய வைரஸ் தடுப்பு மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பழையதன் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. ஆகஸ்டில் எல்லோரும் வெயிலில் சிவந்த முகத்தோடு திரும்பி வந்து, குவிந்திருக்கும் மின்னஞ்சல்களில் கண்டதையும் திறந்து பார்ப்பார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. அடித்தளத்து சர்வரில் ஒரு கட்டளை கொடுத்தால் போதும், அது எல்லாக் கணினிகளிலும் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடும். கணினிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். "வீட்டுக்குப் போகும்போது கணினியை அணைக்காதீர்கள்" என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டினேன். வாயாலும் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

என் மனைவி யோருன் தீவில் இருக்கும் எங்கள் கேபினுக்கு முன்னாலேயே போய்விட்டாள். இந்தத் தடவை விடுமுறை தொடங்கும் நாளே வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போன கோடையிலும் கொடுத்தேன். அதற்கு முந்தைய கோடையிலும் கொடுத்தேன். ஒரு தடவை சர்வர் காலை வாரியது, ஒரு தடவை வேறு ஏதோ.

"இந்த வருஷமும் நீ வரலேன்னா, இனிமே எதிர்பாக்கறத விட்டுடுவேன் ஒட்வார்," என்றாள் கிளம்பும்போது. "மிரட்டறேன்னு நெனைக்காத. எனக்கு அலுத்துப் போச்சு."

விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை கட்டளையைக் கொடுத்துவிட்டு, எல்லாக் கணினிகளும் வேலையைத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் படகுத்துறைக்குப் போனேன். டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கும்போது ஃபோன் அலறியது. எடுத்துப் பார்த்தால் பேட்டரியில் ஓடும் சர்வர் அனுப்பிய எச்சரிக்கைகள், திரை முழுக்கச் சிவப்பு. பாதி கழற்றி, பாதி மாட்டிய நிலையில் அத்தனை கணினிகளும் ஒரே நேரத்தில் மண்டையைப் போட்டிருந்தன.

திரும்பி ஓடினேன். அலுவலகத்துக்குள் ஒரு விளக்கும் எரியவில்லை. யாரோ தண்ணீர்க் குழாயை அடைத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, கதவு மூடிக்கொள்ளாமல் துணியைச் செருகியிருந்தார்கள். சர்க்கரை, எலி புகாதபடி தகர டப்பாவுக்குள் போயிருந்தது. நடைவழிக் கோடியில் மின்பெட்டி திறந்து கிடந்தது. கேபினைப் பூட்டிவிட்டுப் போகும்போது நாங்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆபீஸுக்கும் இதைச் செய்யக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. கட்டட அனுமதிப் பிரிவில் இருக்கும் குன்வோர் என்ற பெண்மணி. எப்போதும் கடைசியாகக் கிளம்புகிறவர், எல்லோருக்கும் மூத்தவர். ஃபோனில் கூப்பிட்டேன்.

"குன்வோர், மெயின் ஃபியூஸை எடுத்தீங்களா?"

"எடுத்தேனே! யாரும் இல்லாத நேரத்துல இடி மின்னல் வந்தா என்ன பண்றது?"

"கம்ப்யூட்டரை அணைக்காதீங்கன்னு கதவுல ஒட்டியிருந்தேனே!"

"நான் எங்கப்பா கம்ப்யூட்டரைத் தொட்டேன்? ஒண்ணையும் அணைக்கல. ஃபியூஸைத்தான் எடுத்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபியூஸைத் திரும்ப மாட்டினாலும் இனி சர்வரிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, நிர்வாகிக் கடவுச்சொல்லைப் போட்டு, பழையதன் மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, புதியதை ஏற்றி, அணைத்து இயக்கி, மறுபடி அணைத்து இயக்க வேண்டும். ஒரு கணினி முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். அடுத்ததற்குப் போனால் அங்கேயும் எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் அதே நீலக் கோடு, அதே நத்தை நகர்வு. முதுகு ஒடிந்தது. அடுத்தவர் நாற்காலிகளின் உயரத்தை மாற்றி மாற்றியே பாதி உயிர் போயிற்று.

திங்கட்கிழமை குன்வோரே வந்து நின்றார். கையில் ஒரு டப்பா நிறைய வாஃபிள், பழுப்புச் சீஸ். "மன்னிப்பெல்லாம் கேக்க வரல. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்," என்றார். "என்ன பண்ணணும் சொல்லு." அன்றிலிருந்து அவர் கணினிகளை இயக்கி வைப்பார், நான் பின்னாலேயே கடவுச்சொல்லைப் போட்டுக்கொண்டு போவேன். பார்த்துப் பார்த்து மற்றதையெல்லாம் அவரே செய்ய ஆரம்பித்துவிட்டார்.

யோருன் தினமும் மாலை ஃபோனில் "எப்ப வர்ற?" என்று கேட்பாள். "நாளைக்கு மறுநாள்" என்பேன். அந்த நாளும் வந்து போகும். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் பாக்கி என்று.

"அவசரமே இல்ல," என்றாள். "உன் வேலையைப் பாரு. இங்க எனக்கு நல்லாத்தான் இருக்கு."

முதலில் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணினியின் முன் உட்கார்ந்து நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் தேவலை. உண்மையாகவே சொல்லியிருந்தாள்.

"என்ன சொன்னா?" என்றார் குன்வோர்.

"அவசரம் இல்லையாம்."

"நல்லதாப் போச்சு," என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "நல்லது இல்லடா. நானும் என் புருஷன்கிட்ட ஒருநாள் இதையேதான் சொன்னேன். அப்புறம் அவன் வந்தானா வரலையான்னு நான் பாக்கவே இல்ல. கடவுச்சொல்லைக் குடுத்துட்டுக் கிளம்பு. மேல்மாடி மட்டும்தானே பாக்கி?"

"அதை யாருக்கும் குடுக்கக் கூடாது."

"தெரியும். வருஷா வருஷம் எங்களை உக்கார வெச்சு அதைத்தானே பாடுற."

உண்மைதான். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நானே கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று பாடுகிறவன் நான். தெரிந்தால் என் வேலைக்கே ஆபத்து. குனிந்து அவர் காதில் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. சொல்லி முடித்ததும் ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

படகு தீவில் நின்றபோது துறையில் யோருன் இல்லை. வருகிறேன் என்று நான் சொல்லவும் இல்லை. மேட்டில் ஏறிப் போனேன். அவள் கேபின் வாசல்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"வேலை முடிஞ்சிடுச்சா?"

"முடியல. விட்டுட்டு வந்துட்டேன்."

"ஒரு கானாங்கெளுத்திதான் பொரிச்சேன். உருளைக்கிழங்கும் எனக்கு மட்டும்தான் போட்டேன்."

"பரவாயில்ல, பசிக்கல."

அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "இன்னிக்கு உனக்கும் சேத்துப் போடணும்னு எனக்குத் தோணவே இல்ல ஒட்வார். கோபமும் வரல. சந்தோஷமா சாப்பிட உக்காந்தேன். நீ மேட்டுல ஏறி வர்றதப் பாத்ததும், யாரோ விருந்தாளி வர்றாங்கன்னு நெனச்சேன்."

உட்காரச் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானாகவே உட்கார்ந்தேன்.