நான்தான் சார்

“படுங்க. சொன்னாக் கேளுங்க, படுங்க!”

அவள் தன் உடம்பின் பாரத்தை எல்லாம் கணவரின் தோள்களில் போட்டு அமுக்கினாள். நேற்று வரை ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கத் தெம்பில்லாமல் கிடந்த மனிதர், இன்று விடிந்ததிலிருந்து கட்டிலை விட்டு எழுந்திருப்பதிலேயே குறியாக இருந்தார். ஒரு காலைக் கீழே தொங்கப்போடுவார். அதைத் தூக்கி மேலே வைப்பதற்குள் அடுத்த கால் தொங்கும். கையில் குத்தியிருந்த ஊசியை ஏற்கெனவே பிடுங்கிப்போட்டாயிற்று. போர்வை முழுக்க ரத்தப்பொட்டுகள்.

“எங்கதாங்க போகணும்? பாத்ரூமா?”

தலை இல்லை என்று ஆடியது.

“நான்தான்” என்றார்.

“நீங்கதான். யாரு இல்லேன்னா? படுங்க.”

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், ஆனால் கை வேகம். துணிக்கட்டை எடுத்து அவருடைய மணிக்கட்டுகளைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள்.

“வேற வழியில்லம்மா. விழுந்தார்னா எலும்பு நொறுங்கிடும். கடைசி நேரத்துல சிலருக்கு இப்படித்தான் ஒரு வெறி வரும்.”

கடைசி நேரம் என்ற சொல்லை அவள் காதில் விழாததுபோல் விட்டாள். கட்டுவதற்குச் சரி என்று தலையாட்டியதும் அவள்தான். காலையிலிருந்து மல்லுக்கட்டியதில் அவளுக்குக் கை விட்டுப்போயிருந்தது. கட்டிய பிறகும் தோளில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

காலையில் அவர் வேலை பார்த்த பள்ளியிலிருந்து ஃபாதர் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்வதுபோல நெற்றியில் எண்ணெய் பூசி, மன்னிப்பு வழங்கிவிட்டுப் போனார். “ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிட்டார் சார். நிம்மதியா இருங்க” என்று காதருகில் குனிந்து சொன்னார். அதைக் கேட்டு அடங்குவார் என்று பார்த்தால், அதன் பிறகுதான் ஆட்டமே அதிகமானது. ஆண்டவர் மன்னித்தது இவருக்குப் போதவில்லை போலிருக்கிறது.

பாதிரியார்கள் நடத்தும் ஆண்கள் பள்ளியில் அவர் ஒழுங்கு பார்க்கும் ஆசிரியராக இருந்தவர். பாடம் நடத்த அங்கே ஆட்கள் இருந்தார்கள். பையன்களை மனிதர்களாக்கும் பொறுப்பு மட்டும் தன் ஒருவர் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, முழுக்கைச் சட்டையின் கைப்பித்தானைக் கழற்றாமல் இருப்பது, பெண்கள் உள்ளே வந்தால் நாற்காலியை விட்டு எழுவது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். வீட்டில் அவள் உள்ளே வந்தபோது மட்டும் அவர் ஒருநாளும் எழுந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டாண்டப் சார். ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும், எவனாவது காப்பி அடித்தாலும் அவரிடம் விசாரணை கிடையாது, பிரம்பு கிடையாது. வகுப்பின் முன்னால் வந்து நின்று, “செஞ்சவன் எழுந்து நில்லு” என்பார். செய்தவன் எழுந்து, “நான்தான் சார்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், “சரி, உக்காரு” என்பார். அதோடு கதை முடிந்தது. வீட்டுக்குச் சேதி போகாது, தண்டனை இல்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுக்கிறவனுக்குத்தான் திட்டு விழும். அந்த ‘உக்காரு’வை நம்பி எத்தனையோ பிள்ளைகள் கால் நடுங்க எழுந்து நின்றிருக்கிறார்கள். தலை நரைத்தவர்கள்கூட வழியில் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் விட்டது ஒருவனுக்கு மட்டும்தான். பெற்ற மகனுக்கு.

அப்போது அவன் அதே பள்ளியில் ஒன்பதாவது படித்தான். பள்ளிக் கோயிலில் ஒருநாள் சூசையப்பர் சிலையின் கை உடைந்து கிடந்தது. மறுநாள் இவர் மகனின் வகுப்புக்குப் போய் வழக்கம்போலக் கேட்டார். யாரும் எழவில்லை. எழும்வரை ஒருத்தனும் வீட்டுக்குப் போக முடியாது என்றார். மதியம் போய்ச் சாயங்காலமும் ஆயிற்று. முன்வரிசையில் இருந்த நோஞ்சான் பையன் ஒருவன் அடக்க முடியாமல் டவுசரிலேயே சிறுநீர் கழித்துவிட்டு அழுதான். அதைப் பார்த்துத்தான் மகன் எழுந்து நின்றான். “நான்தான் சார்.”

இவர் உட்காரச் சொல்லவில்லை. தன் பிள்ளை என்றதும் ஊர் வாய்க்குப் பயந்தாரோ, தன் நேர்மையைத் தானே மெச்சிக்கொண்டாரோ, யாருக்குத் தெரியும்? மற்றப் பையன்கள் எல்லாம் வீட்டுக்குப் போகும்வரை அவனை நிற்கவைத்தார். பிறகு தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், “இவனுக்கு டி.சி. குடுத்துடுங்க ஃபாதர்” என்று தானே கேட்டு வாங்கினார். ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தால் போதும் என்று ஃபாதர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “சிலை உடைஞ்ச அன்னைக்கு அவன் காய்ச்சல்னு வீட்லதானே படுத்திருந்தான், கோயில் பக்கம் எங்கேர்ந்து போனான்?” என்று அவள் தொண்டை கிழியக் கத்தியதும் எடுபடவில்லை.

மறுவருடம் உண்மையில் செய்தவன் அவனாகவே வந்து ஒத்துக்கொண்டான். அன்று ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்தபடி, “அவன் செய்யலையாம்” என்று அவளிடம் சொன்னார். அவ்வளவுதான். மகனிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

மகனும் அதன் பிறகு அப்பா இருக்கும் அறையில் உட்காரவில்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. வருவான், நிற்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான். சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவான். வேறு ஊருக்குப் போய் லாரி பட்டறை வைத்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். எப்போதாவது வந்தால், அப்பாவுக்கு எதிரில் ஒரு நாற்காலி சும்மாவே கிடக்கும். அவள் உள்ளே அடுப்படியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு பேரில் ஒருவர் சாவதற்குள் அந்த நாற்காலியில் அவன் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும். அவள் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

அவர் கொஞ்சம் கண்ணை மூடிய நேரம் பார்த்து, வராந்தாவுக்குப் போய் மகனுக்கு மறுபடியும் போன் போட்டாள்.

“எங்கடா இருக்க?”

“இப்பதாம்மா பஸ் ஏறினேன்.”

“நேத்தே கிளம்பச் சொன்னேனேடா!”

“வந்து என்னம்மா பண்ணப் போறேன்? அங்கயும் வந்து நிக்கத்தான் போறேன்.” பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “எப்படி இருக்காரு?”

“என்னத்தச் சொல்ல? ஒரே அடம். எந்திரிக்கணும், எந்திரிக்கணும்னு உசிர வாங்கறாரு. பிடிச்சு அமுக்கி அமுக்கி எனக்குக் கையே போச்சு. இப்பக் கட்டிப் போட்டிருக்கு.”

“ஏதாவது பேசறாரா?”

“பேச்சா அது? நான்தான், நான்தான்னு அதையே சொல்லிட்டிருக்காரு.”

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“அம்மா.”

“சொல்லுடா.”

“அவர எந்திரிக்க விடும்மா.”

“விழுந்துடுவாருடா.”

“விழட்டும். கட்ட அவிழ்த்து விடு. நீ புடிச்சுக்கோ, நிக்கட்டும். நான் வந்துட்டே இருக்கேன்னு சொல்லு. அவர நிக்க விடும்மா!”

அவன் அழுகிறான் என்பது அவளுக்கு முதலில் தெரிந்தது. எதற்கு அழுகிறான் என்பது அதற்குப் பிறகு, நின்ற இடத்திலேயே, தலையில் அடித்ததுபோல் தெரிந்தது. காலையிலிருந்து அந்த மனிதர் வேறு எங்கும் போக நினைக்கவில்லை. செய்தவன் எழுந்து நிற்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அவள்தான் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

ஓடினாள். செருப்பு வராந்தாவிலேயே கழன்று கிடந்தது. அவர் கண்ணைத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டிருக்கான்ங்க. பஸ் ஏறிட்டான். எந்திரிங்க, நான் புடிச்சுக்கறேன், எந்திரிங்க.”

முடிச்சு அவிழவில்லை. காலமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள், எத்தனை சிக்கல் நூலைப் பிரித்த விரல்கள், இந்த ஒரு முடிச்சில் வழுக்கிக்கொண்டே இருந்தன. அவர் இழுத்த இழுப்பில் அது இறுகிப்போயிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். வலது கை விடுபட்டது. அதைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். பாதி எழுந்தார். அவர் முகம் அவள் தோளில் வந்து சாய்ந்தது. அப்புறம் அந்தப் பாரம் முழுக்க அவள்மேல் இறங்கியது. இடது கை இன்னும் கம்பியிலேயே இருந்தது.

நர்ஸ் வந்து அவளைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் அவர் உடலைப் பள்ளி மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பையன்கள் பெட்டியைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டை, எல்லாக் கைப்பித்தானும் போட்டிருந்தது. “எத்தனையோ பிள்ளைகளை நிமிர்ந்து நிற்க வைத்த மனிதர்” என்று ஃபாதர் மைக்கில் சொன்னார். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய தோளில் கையை வைத்தபடி இருந்தாள். யார் சொல்லியும் எடுக்கவில்லை.

மகன் வந்தான். பட்டறையிலிருந்து அப்படியே கிளம்பியவன்போலச் சட்டையில் கிரீஸ் இருந்தது. வழிவிட்ட பையன்களைத் தாண்டி வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றான்.

ஃபாதர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினார். “உக்காருங்க தம்பி.”

“பரவால்ல ஃபாதர்.”

நாற்காலி சும்மா கிடந்தது. அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

“நீ சொன்னதும் ஓடினேன்டா. முடிச்சு அவிழலடா. பாதிதான் எந்திரிச்சார். நான் பாவி, காலைலேர்ந்து நான்தான் அவர...”

“அம்மா, விடும்மா.”

அவன் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது மணிக்கட்டில் துணிக்கட்டு அறுத்த சிவப்புத் தடம் வளையம்போலத் தெரிந்தது. அவருக்குப் போட்டுவிட்ட முழுக்கைச் சட்டையில் அங்கே மட்டும் யாரோ கைப்பித்தானைப் போடாமல் விட்டிருந்தார்கள். அவன் குனிந்து, அந்தத் தடம் மறையும்படி சட்டைக் கையை இழுத்துவிட்டு, கிரீஸ் படாமல் விரல் நுனியால் பித்தானைப் போட்டான். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

பிறகு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில், அவர் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டான். உட்கார்ந்தான். முதுகைச் சாய்க்கவில்லை. வகுப்பில் உட்காருவதுபோல இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

அவள் அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.