படகுக்கடையில் நான் சொன்ன எடை

வெண்டல் டிராஸ்கின் படகுக்கடையில் யாரும் முதலில் விலை கேட்க முடியாது. அவர் விடமாட்டார். கதவைத் திறந்து உள்ளே போனதும் எடை கேட்பார். வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை பவுண்டு, நாய் உண்டா, நாய் எத்தனை பவுண்டு, சாப்பாட்டுப் பெட்டியில் ஐஸ் போடுவீர்களா, மாட்டீர்களா? எல்லாவற்றையும் தச்சுப் பென்சிலால் ஓர் அட்டையில் எழுதிக் கூட்டுவார். அந்தக் கூட்டுத்தொகைக்கு எந்தப் படகு பொருந்துமோ அதைத்தான் காட்டுவார். சிவப்பு நிறம் அழகாயிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருக்கிறான் என்ற கதையெல்லாம் அவரிடம் செல்லாது.

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துமா போய் மாட்டிக்கொண்டாய் என்று கேட்டால், ஆமாம், தெரிந்துதான் போனேன்.

அது ஏப்ரல் கடைசி. ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையோரம் கறுப்பாகத் தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது. நான் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். குளிர்கால வேலை முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒண்டாரியோவில், அதுவும் ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு, படகில்லாத வீடு நம்முடையது ஒன்றுதான் என்று என் மனைவி மோரீன் பத்து வருஷமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வேறு விதமாகச் சொன்னாள். டெஸ்ஸாவுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது, இன்னும் இரண்டு கோடை போனால் நம்மோடு எங்கேயும் வரமாட்டாள் என்றாள். ஒரே பெண். அடுத்த நிமிஷம் நான் லாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். மூவரும் போனோம், எங்கள் நாய் பிஸ்கட்டையும் ஏற்றிக்கொண்டு.

டெஸ்ஸாவுக்கு ஆளுக்கொரு கயாக் வேண்டும், ஒருவர் மட்டும் உட்கார்கிற சின்னப் படகு. வெண்டல் ஒத்துக்கொள்ளவில்லை.

"கயாக் வாங்கினா ஆளுக்கு ஒரு பக்கம் போயிடுவீங்கம்மா. எல்லாரும் ஏறுற கேனோன்னா சண்டை போட்டாலும் ஒண்ணாத்தான் கரைக்கு வந்தாகணும்," என்றார்.

பிறகு பென்சிலை எடுத்தார். மோரீன் சற்றும் யோசிக்காமல் நூற்று நாற்பத்தாறு என்றாள். டெஸ்ஸா காலணியைப் பார்த்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு என்றாள். பிஸ்கட் அறுபத்துநான்கு, போன வாரம்தான் கால்நடை மருத்துவர் நிறுத்துப் பார்த்திருந்தார். நாய்க்குக்கூட உண்மையான எடையைத்தான் சொன்னோம்.

அடுத்தது நான். நவம்பரில் மருத்துவமனைத் தராசு எனக்கு இருநூற்று எழுபத்தொன்று காட்டியது. அன்று மாலை உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டே மோரீன் கேட்டபோது, இருநூற்று இருபது என்று சொல்லிவைத்தேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, ஐந்து மாதமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது பின்னால் துடுப்புகள் மாட்டியிருந்த சுவரருகே என்னோடு ஹாக்கி ஆடுகிற இரண்டு பேர் வேறு நின்றிருந்தார்கள்.

"இருநூத்தி இருபது," என்றேன்.

வெண்டலின் பென்சில் அட்டைக்கு மேலே நின்றது. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். கோட்டு தடிமன் என்று முனகினேன். அவர் எழுதிக்கொண்டார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்து வீட்டுக் கூரை தீப்பிடித்து எரிந்தாலும், தொந்தரவுக்கு மன்னிக்கணும், லேசா புகை வர்ற மாதிரி இருக்கு என்றுதான் சொல்வோம். ஒருவன் முகத்துக்கு நேரே பொய் சொல்லாதே என்று சொல்ல எங்களால் ஆகாது. அந்த மரியாதைக்குள் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

சாப்பாட்டுப் பெட்டிக்கு நாற்பது சேர்த்து மொத்தம் ஐந்நூற்று எண்பத்திரண்டு வந்தது. அறுநூறுக்குள் இருந்தால் பதினைந்தடிப் படகு போதும், தாண்டினால் பதினேழடிதான் என்றார் வெண்டல். ஜூலை முதல் தேதிவரை மாற்றிக்கொள்ளலாம், கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை என்று என்னை மட்டும் பார்த்துச் சொன்னார். பதினைந்தடியைத் தூக்கி லாரியில் கட்டினோம். வீடு வரும்வரை டெஸ்ஸா பின்கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே மாத நீண்ட விடுமுறையில் முதல் பயணம். பைன் மரத் தீவுக்குப் போய் மதியம் சாப்பிட்டு வருவதாக ஏற்பாடு. படகுத் துறையில் ஊரே வரிசையில் நின்றது. மோரீன் முன்னால், டெஸ்ஸாவும் நாயும் நடுவில். கடைசியாக நான் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன்.

படகின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. மோரீனின் துடுப்புக்குத் தண்ணீர் எட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று விரல் இடம்தான் இருந்தது. துறையில் நின்ற டாரல், ஹாக்கிக்காரர்களில் ஒருவன், தொண்டையைக் கனைத்தான்.

"கொஞ்சம் தாழ்ந்தாப்ல இருக்கோ, கிளேட்டன்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். என் அற்பப் புத்தி விடவில்லை.

"என்ன பண்றது, என் பொண்ணு இந்த வசந்தத்துல நல்லா வளர்ந்துட்டா. காலையில எட்டு பேன்கேக். படகு பாவம்ல?" என்றேன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டெஸ்ஸா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு காதுகளும் சிவந்து போனது தெரிந்தது. மிதவைச் சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

நூறு கஜம்கூடப் போகவில்லை. காற்று அடித்தது, அலை ஒன்று விளிம்பைத் தாண்டி என் மடியில் கொட்டியது. திரும்பிவிட்டோம். வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றபடி சாண்ட்விச் சாப்பிட்டோம். டெஸ்ஸா தொடவில்லை. கொசு பிடுங்குகிறது என்று லாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அன்று இரவே அவளிடம் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். நாளைக்கு என்று தள்ளினேன். ஒரு மாதம் தள்ளினேன்.

ஜூனில் பிஸ்கட் ஒரு சுற்றுப் பெருத்தது. டெஸ்ஸாவின் காலைப் பேன்கேக் மேசைக்கு அடியில் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தது. குளியலறைத் தராசைக் காணோம். டெஸ்ஸா பள்ளிக்கூடம் போயிருந்தபோது தேடினேன். அவள் கட்டிலுக்கடியில் இருந்தது. தராசின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டில் ஆரம்பித்து ஒவ்வொரு எண்ணாக இறங்கிக்கொண்டே வந்திருந்தது, பக்கத்தில் தேதியோடு.

அது என்ன என்று எனக்கு உடனே புரிந்தது. இருந்தும் தராசை அதே இடத்தில் தள்ளிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். மோரீனிடம் மூச்சு விடவில்லை. பெரிய படகாக மாற்றிவிட்டால் தன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். வெண்டல் கேட்டால், நாய் பெருத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்பன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை படகை ஏற்றினேன். டெஸ்ஸா தானும் வருவேன் என்றாள். மோரீனும் வந்தாள். கடையில் நல்ல கூட்டம். வெண்டல் எங்கள் பழைய அட்டையைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"யாருக்காவது மாறியிருக்கா?" என்றார்.

"நாய்தான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

டெஸ்ஸா எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னோடதுதான் மாறியிருக்கு, மிஸ்டர் டிராஸ்க். இப்ப நூத்தி மூணு. ஒன்பது குறைச்சிட்டேன். படகை மாத்த வேணாம். இது போதுமா, இல்ல இன்னும் குறைக்கணுமா?"

மோரீன் அவளைப் பார்த்தாள். அந்தக் கைகளை, கழுத்தை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பவளாக நின்றாள். வெண்டல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை பார்வையை எடுக்கவில்லை.

"நான் பொய் சொன்னேன்," என்றேன். அட்டையில் என் எண்ணைச் சுட்டிக்காட்டினேன். "இருநூத்தி எழுபத்தொண்ணு. அன்னிக்கே அதான். நவம்பர்லயே அதான்."

கடையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் துடுப்புகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"அம்பத்தொண்ணு வித்தியாசம்," என்றாள் டெஸ்ஸா. அவள் கணக்கில் கெட்டிக்காரி. "அப்ப படகு தாழ்ந்தது..."

"என்னாலதான்."

"துறையில எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

அவள் அழவில்லை. பிஸ்கட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் லாரியில் ஏறிக்கொண்டாள். மோரீன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"உன் எடை எனக்கு ஒரு பொருட்டே இல்ல, கிளே. நீ அவளை மாட்டிவிட்டுட்டுச் சும்மா இருந்திருக்க."

அவளும் போய்விட்டாள். வெண்டல் பழைய எண்ணை அடித்துவிட்டு இருநூற்று எழுபத்தொன்று என்று எழுதினார். தனக்கு அன்றைக்கே தெரியும், சொல்ல மனசு வரவில்லை, அதில் தனக்கும் பங்குண்டு என்றார். பதினேழடிப் படகை இருவருமாகத் தூக்கிக் கட்டினோம்.

அந்த வாரம் முழுக்க மோரீன் டெஸ்ஸாவை டாக்டரிடம் கூட்டிப் போவதும் வருவதுமாக இருந்தாள். தராசை நான் குப்பைக்கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். சரிப்பா என்றாள். யாரோ தெரியாதவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் சொல்வோமே, அந்தச் சரி.

ஜூலை முதல் தேதி மறுபடியும் துறைக்குப் போனோம். அதே கூட்டம், அதே டாரல். படகைத் தண்ணீரில் இறக்குமுன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: போன தடவை படகு தாழ்ந்தது என் பெண்ணால் இல்லை, என்னால்; என் எடை இருநூற்று எழுபத்தொன்று; அன்று நான் சொன்னது பொய். டாரல் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு நல்ல வெயில் என்றான். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"போதும்ப்பா. ஏறுங்க," என்றாள் டெஸ்ஸா.

படகு நன்றாக நின்றது. விளிம்புக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் தண்ணீர் தொடாமல் காய்ந்திருந்தது. தீவுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பாறையில் துணி விரித்து மோரீன் சாண்ட்விச்சைப் பிரித்தாள், ஆளுக்கு இரண்டு. டெஸ்ஸா ஒன்றை எடுத்துப் பிட்டாள். பாதியைத் தின்றாள். மீதியைக் காகிதத்தில் சுற்றி, யாரும் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் வைத்தாள்.

நான் பார்த்துவிட்டேன். என் கையிலிருந்ததைத் துணிமேல் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சாப்பிடும்மா," என்றேன்.

"வேணாம்ப்பா," என்றாள். ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பிப் போறப்பவும் எல்லாரும் இதே படகுலதானே போகணும்."