அக்டோபர் தாள்

பட்டாசு ஆலை முதலாளி காளிராஜ் அச்சகத்துக்கு வந்து காலண்டர் ஆர்டர் கொடுத்தார். பட்டாசு வியாபாரிகளுக்குக் கொடுக்க ஐயாயிரம். பன்னிரண்டு தாள். சாமி படம் வேண்டாம் என்றார். எல்லாக் கம்பெனியும் அதைத்தான் போடுகிறது. அவர் மகள் போனில் பார்த்துச் சொன்னாளாம்: பிறந்த மாதத்துக்கு ஒரு பூ, பூவுக்கு ஒரு பொருள். அவர் பிறந்தது அக்டோபர். அந்தத் தாளில் அவர் படம் வர வேண்டும்.

அச்சகத்தில் டிசைன் செய்யும் பானுப்பிரியா கணினியில் குறித்துக்கொண்டாள். அக்டோபருக்குச் செண்டுப்பூ.

காளிராஜ் அவள் ஊரையும் பிறந்த மாதத்தையும் கேட்டார். ஏழாயிரம்பண்ணை, ஜூன் என்றாள்.

"ஜூனா? அந்தப் பக்கம் பாதிப்பேரு ஜூன்தான். பள்ளிக்கூடத்துல சேக்கையில எழுதிவிட்ட மாசம். எல்லாம் ஹெட்மாஸ்டர் பெத்த பிள்ளைக."

அவரே சிரித்தார். பூக்களின் பொருளை அவளையே அழகாக எழுதச் சொல்லிவிட்டுப் போனார். யார் மகள் என்று கேட்கவில்லை.

அவள் அம்மா முருகம்மாளுக்குப் பிறந்த மாதம் தெரியாது. ஆதார் அட்டையில் ஜனவரி ஒன்று. இறந்த மாதம் தெரியும். போன வருடம் அக்டோபரில், சீசன் நெருக்கடியில், காளிராஜின் ஆலையில் பதினேழாம் அறை வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். முருகம்மாள் வெடிமருந்துத் தட்டைத் தரையில் உரச இழுத்ததுதான் காரணம் என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. ஆறு மூடிய பெட்டிகளுக்கும் காளிராஜ் செண்டுப்பூ மாலை அனுப்பினார்.

மற்ற ஐந்து வீட்டாரும் பானுப்பிரியாவிடம் பேசுவதில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் அவர்கள் குடங்கள் நகரும். பிழைத்தவர்கள் இன்னும் அதே ஆலைக்குத்தான் வேனில் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் நடந்ததை அவளிடம் ஒருமுறை சொன்னாள். வெளியே சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள்.

பானுப்பிரியா பதினொரு மாதங்களுக்கு அன்பு, பொறுமை, நம்பிக்கை என்று எழுதினாள். அக்டோபருக்கு இப்படி எழுதினாள்:

"செண்டுப்பூ. பொருள்: துக்கம். பதினேழாம் அறையில் நான்கு பேர் வேலை செய்யவே உரிமம். பதினொரு பேரை உட்கார வைத்தார்கள். முருகம்மாள் தட்டை இழுக்கவில்லை. இழுக்க அங்கே இடமில்லை."

எழுத்தைச் சிறிதாக்கவில்லை. நான்கு வருடமாகப் பார்க்கிறாள். புரூஃப் பார்க்க வருகிறவர்கள் தங்கள் படத்தைப் பார்ப்பார்கள், கம்பெனிப் பெயரைப் பார்ப்பார்கள், போன் நம்பரைப் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் அவர்களுக்குப் பூ.

காளிராஜ் அக்டோபர் தாளைக் கையில் எடுத்தார். கன்னம் கறுப்பாகத் தெரிகிறது, வெளுக்க வை என்றார். போன் நம்பரை விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். விரலுக்கு ஓர் அங்குலம் கீழே அம்மாவின் பெயர் இருந்தது. பன்னிரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

மிஷின் ஓட்டும் மாரிக்கண்ணன் முதல் தாளை உருவி வாசித்தார். மிஷினை நிறுத்தினார்.

"பார்ட்டி பாத்துட்டாரா?"

அவள் கையெழுத்தைக் காட்டினாள். அவர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். மிஷினை ஓடவிட்டார்.

டிசம்பர் கடைசியில் காளிராஜ் வந்தார். சேலத்திலிருந்து ஒரு வியாபாரி போன் செய்து கேட்டிருந்தார். அதற்குள் லோடு எல்லா ஊருக்கும் போய்விட்டது. காலண்டரை மேசையில் எறிந்தார். அச்சக முதலாளி வேலுச்சாமி அதை அப்போதுதான் வாசித்தார். காளிராஜ் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து வைத்தார்.

"நீ யாரு மக?"

"முருகம்மாள் மக."

வேறு அடித்துக் கொடு என்று காளிராஜ் கத்தினார். அவள் கணினியில் அந்தத் தாளைத் திறந்தாள்.

"எது தப்புன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நாலா, பதினொண்ணா? திருத்தித் தாரேன்."

வேலுச்சாமி அவரைப் பார்த்தார். மாரிக்கண்ணனும் பார்த்தார். காளிராஜ் எறிந்த காலண்டரைத் திரும்பக் கையில் எடுத்தார். எல்லாக் கடைக்கும் ஆளனுப்பி அக்டோபரை மட்டும் கிழிக்கச் சொல்கிறேன் என்றார்.

"கிழிச்சா தீபாவளியும் அதோட போயிருமே," என்றார் மாரிக்கண்ணன். "வெடிக் கம்பெனி காலண்டர்ல."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வேலுச்சாமி பானுப்பிரியாவிடம் சொன்னார். லோடு போன நாளிலிருந்தே அவள் சாப்பாட்டுத் தூக்கைப் பையை விட்டு வெளியே வைப்பதில்லை.

ஜனவரியில் ஏழாயிரம்பண்ணை டீக்கடையில் அந்தக் காலண்டர் தொங்கியது. யாரோ அக்டோபருக்குத் திருப்பியிருந்தார்கள். வெளுத்த கன்னத்தோடு காளிராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். ஆலை வேனுக்குக் காத்திருந்தவர்கள் வாசித்தார்கள். ஒருவரும் ஜனவரிக்குத் திருப்பவில்லை.