செழியன் திரும்பி வந்த ஞாயிறு

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். கிளியனூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சவரிராயன் நல்ல மனுஷன்தான், வாய்தான் சரியில்லை என்று. முப்பது வருஷம் லாரி ஓட்டிய வாய். அந்த வாயால்தான் என் மகன் வீட்டை விட்டுப் போனான். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

2006-ஆம் வருஷம். அவன் பெயர் இருதய அருண், பதினேழு வயது. பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்டது. சாயங்காலம் ஏழரை மணிக்கு என் மனைவி ஞானமேரி டி.வி. முன்னால் உட்கார்ந்து 'வேம்படி வீடு' பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எங்கள் தெருவே அந்தத் தொடரைத்தான் பார்க்கும். நான் மார்க் ஷீட்டை அவன் மேல் விட்டெறிந்து, "எங்கனா தொலைஞ்சு போ, என் கண்ணுல முழிக்காத" என்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மா, வர்றேன்" என்றான். "சாப்ட்டுப் போடா" என்றாள் ஞானமேரி. கண்ணை டி.வி.யிலிருந்து எடுக்கவில்லை. அவன் போய்விட்டான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவன் விழுப்புரம் பஸ் ஏறியதை ஒருவர் பார்த்திருந்தார். விழுப்புரம் ஜங்ஷனில் பதினோரு நாள், பிளாட்பாரம் பிளாட்பாரமாக அவன் போட்டோவைக் காட்டிக்கொண்டு அலைந்தேன். அதற்கப்புறம் போலீஸ், பேப்பரில் விளம்பரம், வேளாங்கண்ணிக்கு நடை. ஒன்றும் நடக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. அந்தத் தொடரிலும் செழியன் என்று ஒரு பையன் வீட்டை விட்டுப் போயிருந்தான். என் மகனுக்கு ஒரு மாதம் முன்னால் போனவன். அவனுடைய அம்மா தினமும் கேட்டருகே நின்று வழி பார்ப்பாள். ஞானமேரி கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்தாள், ஒன்று எங்கள் பிள்ளைக்கு, ஒன்று செழியனுக்கு.

"நாடகத்துல நடிக்கிறவனுக்கு எதுக்குடி வத்தி?" என்று கத்தினேன்.

"அவன் வந்துட்டா இவனும் வந்துடுவான், அருண் அப்பா" என்றாள். அவள் எப்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

என்ன கணக்கோ அது. செழியன் வருவதற்குள் சேனல்காரன் தொடரையே நிறுத்திவிட்டான். கடைசி நாளும் அந்தத் தாய் கேட்டருகேதான் நின்றாள்.

நவம்பர் இரண்டு எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அதற்குச் சில நாள் முன்னால், சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுப்பார். அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரை அதில் எழுதித் தர வேண்டும். கல்லறையில் மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள், ஊரே நின்று வேண்டிக்கொள்ளும். எங்கள் தாளில் நாலு பெயர்: என் அப்பா, அம்மா, மாமனார், மச்சான். ஐந்தாவது பெயரை எழுத ஞானமேரி விட்டதில்லை. பத்தொன்பது வருஷமாகத் தினமும் ஒரு தட்டுச் சோற்றை மூடி வைப்பாள், மறுநாள் அதில் தண்ணீரை ஊற்றி அவளே குடிப்பாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இவள் சாவதற்குள் அந்தப் பெயரை எழுதி, ஒரு தரம் அழுது முடிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமெல்லாம். போன வருஷம் நானே எழுதினேன். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஒரு மாதம் என்னோடு பேச்சில்லை.

இந்த வருஷம் தாள் வந்த அன்றைக்கே அக்னஸ் போன் பண்ணினாள். அக்னஸ் என் மகள், அருணுக்குத் தங்கை. விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ்.

"வேம்படி வீடு திரும்ப வருதுப்பா, ஓ.டி.டி.யில. அதே அம்மாதான். போஸ்டர்ல செழியன் வருகிறான்னு போட்டுருக்கான்."

"உங்கம்மாகிட்ட சொல்லித் தொலைக்காத" என்றேன். அம்மாவிடம்தான் முதலில் சொன்னாளாம்.

புகழேந்தி டீக்கடையில் நாலு நாளாக இதே பேச்சு. "புதுசா ஒரு எழவும் தோணல, பழசையே தோண்டிக்கினு இருக்கானுங்க" என்றான் ஒருவன். அவனே போனில் அந்தத் தொடரின் பாட்டைப் போட்டுவிட்டு, "இருந்தாலும் கேட்டதும் ஒரு மாதிரி ஆவுதுப்பா" என்றான். எனக்கு இந்த ஓ.டி.டி. சமாச்சாரமே ஆகாது. அக்னஸ் ஒரு தரம் ஏதோ தொடர் போட்டுக் காட்டினாள். ஒரே இருட்டு. எவன் எவனை வெட்டுகிறான் என்று தெரிவதற்குள் ஒரு பாகம் முடிந்துவிட்டது. அதற்குப் பழசு தேவலை என்றால், பழசு என் வீட்டில் பண்ணியதும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், லீவில் வந்திருந்த அக்னஸ் போனை டி.வி.யோடு சேர்த்தாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தொடர் பார்க்கும் எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள், அவித்த மல்லாட்டைக் கடலையோடு வந்து குந்தினாள். ஞானமேரி கோயிலுக்குக் கட்டிய புடவையை மாற்றவில்லை. யாரோ வீட்டுக்கு வரப்போவதுபோல் வாசலைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். செழியன் வந்துவிட்டால் இவள் இன்னும் பத்து வருஷம் சோறு மூடி வைப்பாளே என்று பயந்தேன்.

பாட்டில் தடதடவென்று டிரம்ஸ் சேர்த்திருந்தார்கள். "பாட்டைக் கெடுத்துட்டானுங்க" என்றாள் அக்னஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வேப்பமரம் இருந்த இடத்தில் கார் நிறுத்தியிருந்தது. "வீட்ட இடிச்சிட்டு லாட்ஜ் கட்டிட்டானுங்களா" என்று கோவிந்தம்மாள் கேட்டாள். ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

மூன்றாவது பாகத்தில் கேட் திறந்தது. ஒருவன் பையோடு நின்றான். அந்தத் தாய் அவனைப் பார்த்தாள், ஓடினாள், கட்டிக்கொண்டு அழுதாள். கோவிந்தம்மாளும் அழுதாள்.

"யார் இவன்?" என்றாள் ஞானமேரி.

"செழியன்மா. பழைய ஆள் நடிக்க வரலியாம். வேற ஆள் போட்டுருக்காங்க."

"திருப்பிப் போடு."

அக்னஸ் திருப்பிப் போட்டாள். ஞானமேரி மூன்று தரம் போடச் சொன்னாள். பிறகு நிறுத்தச் சொன்னாள்.

"இவ எப்டி கண்டுபுடிச்சா?" என்று கேட்டாள். "மூஞ்சி வேற, குரலு வேற. யாருப்பா நீன்னு ஒரு வார்த்த கேக்கல. ஓடிப்போய்க் கட்டிக்கினா."

"கதைதானம்மா."

"எம்புள்ள போறப்ப நான் திரும்பிப் பாக்கல. இன்னா சட்ட போட்டுக்கினு இருந்தான்னுகூட எனக்குத் தெரியாது." அவள் குரல் உயரவில்லை. "நாளைக்கி எவனாவது வந்து, நாந்தாம்மா அருணுன்னு நின்னா, நானும் இப்டித்தான் கட்டிக்கினு அழுவேன். எவனா இருந்தாலும் அழுவேன். அவன் மூஞ்சி எனக்குப் போயிடுச்சி, அக்னஸு. போட்டோதான் ஞாபகம் இருக்குது. அவன் இல்ல."

எழுந்துபோய் மாதா சுரூபத்தின் அடியில் இருந்த தாளை எடுத்தாள். நாலு பெயருக்குக் கீழே, ஐந்தாவதாக எழுதினாள். பேனா மை வராமல் இரண்டு தரம் உதறி எழுதினாள். "உபதேசியார்கிட்ட குடுத்துட்டு வாங்க" என்றாள். அன்றைக்குச் சோறு மூடி வைக்கவில்லை.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மழை பெய்து ரோடெல்லாம் சேறு. கோயில் வாசலில் நின்று அவள் எழுத்தைப் படித்தேன். படித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். எத்தனை வருஷம் அவளைத் திட்டியிருப்பேன், செத்தவனுக்குச் சோறு வைக்கிறாயே என்று. அவள் காத்திருந்த தைரியத்தில்தான் நான் அப்படித் திட்டியிருக்கிறேன். கடைசிப் பெயரை மட்டும் விரல் அகலத்துக்குக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் இரண்டு, சாயங்காலம் நாலு மணி. கல்லறை முழுக்கச் செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியும். ஞானமேரி கையில் ஐந்து வத்தி. நாலை நாலு பேருக்கு ஏற்றினாள். ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தாள். உபதேசியார் மைக்கில் எங்கள் வீட்டுப் பெயர்களை வாசித்தார். நாலு பெயர் முடிந்து, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"குடுக்கலியா?"

"என்னால ஆவல." என் வாய் எனக்குக் குழறி அன்றைக்குத்தான் பார்த்தேன். "தொலைஞ்சு போன்னு நான் சொன்னத, அவன் வந்தாத்தான் திருப்பி எடுக்க முடியும். அவன் செத்துட்டான்னா, நான் சொன்னதுதான் கடைசி வார்த்த."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். கையை நீட்டினாள்.

"குடுங்க, அக்னஸ் அப்பா."

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவன் பிறந்தான். அன்றிலிருந்து அவள் வாயில் நான் அருண் அப்பாதான். சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். வியர்வையில் மை கொஞ்சம் ஊறியிருந்தது. அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்துபோய் உபதேசியார் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மைக்கில் என் மகன் பெயர் வந்தது. ஊரே அவன் ஆத்துமத்துக்காக வேண்டிக்கொண்டது. ஊரோடு சேர்ந்து என் வாயும் சொன்னது.