சால்வை மாறிய படம்

காலையில் டீ கொதிக்கும் நேரத்தில் சைனபுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாட்டு நடப்பைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைப் போனில் பேசிப் பதிந்து, தங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் பெண்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவாள். இந்தியில்தான் பேசுவாள். பிழைக்க வந்த பிம்ப்ரி மார்க்கெட்டில் கணவர் கவுஸோடு பாத்திரக்கடையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பழகிய இந்தி அது. ஆனாலும் கடையநல்லூர் இழுவை போகவில்லை. அந்த இழுவைக்காகவே கேட்கிறவர்கள் அவர்கள் குடியிருந்த சிஞ்ச்வடில் இருந்தார்கள்.

"டிவியில் எட்டுப் பேர் ஒரு மணி நேரம் கத்தினார்கள். ஒருத்தருக்கும் தொண்டை கட்டவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று சொன்னால் நமக்கும் உபயோகமாக இருக்கும்" என்பாள். பெண்கள் சிரிப்புப் படங்களை அனுப்பிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார்கள்.

மாநகராட்சித் தேர்தல் நெருங்கியபோது, அந்த வார்டின் பெரிய புள்ளியான கேஷவ்ராவ் மூன்றாவது தடவையாகக் கட்சி மாறினார். ஒரே ராத்திரியில் சிக்னலுக்குச் சிக்னல் அவருடைய பேனர். மறுநாள் சைனபு பேசினாள்.

"கேஷவ்ராவ் பேனரைப் பார்த்தேன். முகம் அதே முகம், கும்பிடு அதே கும்பிடு. சால்வை மட்டும் வேறு கலர். புதிதாகப் போட்டோகூட எடுக்கவில்லை, கம்ப்யூட்டரிலேயே கலரை மாற்றிவிட்டார்கள். இவ்வளவு சிக்கனமான ஆள் கையில் மாநகராட்சியைத் தாராளமாகக் கொடுக்கலாம்."

சாயங்காலம் மகள் ஹுதா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "உம்மா, நீங்க பேசினது என் ஆபீஸ் குரூப்ல வந்திச்சு. எல்லாரும் ஹஸ் ரஹே தே, ஒரே சிரிப்பு. என் உம்மான்னு நான் சொல்லலை."

இரண்டு நாள் கழித்துக் கடைக்குக் கேஷவ்ராவின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணியை அழைப்பதுபோல 'பாபி' என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு டிபன் டப்பாவைக்கூட எடுத்துப் பார்த்தார்கள்.

"ராவ் சாகேப் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கார், பாபி. ஒரு மன்னிப்புக் கேட்டுப் பேசி அதே குரூப்ல போட்டுருங்க. விஷயம் முடிஞ்சிரும்."

கிளம்பும்போது ஒருவர் நடைபாதைக்கு மேலே கொத்தாகத் தொங்கிய குடங்களையும் வாளிகளையும் நிமிர்ந்து பார்த்தார். "சாமானெல்லாம் ரோடு வரைக்கும் வந்திருச்சே" என்றார். அந்த வரிசையில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் தொங்கியது.

அவர்கள் போனதும் கவுஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "கேட்டுரு சைனபு. ஒரு வார்த்தைதான?"

"எதுக்குக் கேக்கணும்? நான் பொய் சொன்னேனா?"

"பொய்யா நெசமான்னு யாரு பாக்குதா? இதையே உன் சிநேகிதி சுஷ்மா சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பாவ. நம்ம பேருல வந்தா அதுக்கு அர்த்தம் வேறயாயிரும்."

சைனபுவால் அதை மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. "அப்போ இந்த ஊருல சிரிக்கதுக்குக்கூடப் பேரு பாக்கணுமா?" என்று கேட்டாள். கவுஸ் ஒரு வாளியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது குழுவை நடத்தும் சுஷ்மா லிஃப்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். சொசைட்டி ரோடு வேலை ராவ் சாகேப் கையில் இருக்கிறது, பதிவை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாமே என்றாள்.

"நம்ம குரூப்ல போட்டது வெளிய எப்படிப் போச்சு?" என்று கேட்டாள் சைனபு.

சுஷ்மா லிஃப்டின் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள். "என் நாத்தனாருக்கு மட்டும்தான் அனுப்பினேன்."

அன்றே சைனபு தீர்மானித்துவிட்டாள். குரூப்பில் முனகுவதைவிடக் கேஷவ்ராவை நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது. மறுநாள் காலையில் அவருடைய ஆபீஸ் வாசலில் கவுஸ் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். "நான் உள்ள வரமாட்டேன், ஆமா" என்று சொல்லித்தான் நிறுத்தினார். அவள் மாடிப்படியில் பாதி ஏறும்போது பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

கேஷவ்ராவ் நேரில் பேனரைவிட வயதானவராக இருந்தார். சுற்றி நாலைந்து பேர். சைனபு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். நான் சொன்னதுல எது தப்புன்னு சொல்லுங்க, அதுக்குக் கேட்டுடறேன். போட்டோ புதுசா?"

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "பழசுதான்."

"கட்சி?"

"மாறினது மக்கள் சேவைக்காக."

"சரி. அந்தக் காரணத்தை நான் சொல்லாம விட்டுட்டேன். நாளைக்குச் சேர்த்துச் சொல்லிடறேன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கேஷவ்ராவ் அடக்கவில்லை, உரக்கவே சிரித்தார். பிறகு டீ வரவழைத்தார். டீ வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பாபி, உங்க குரல் வீட்டுக்கு வீடு போகுது. தேர்தல் வரைக்கும் எங்களுக்காகத் தினம் ஒண்ணு பேசுங்க. உங்க கடைப் பக்கம் ஒருத்தன் வராம நான் பாத்துக்கறேன்."

சைனபு டீ கிளாஸைக் கீழே வைத்தாள். மிரட்டலைவிட இது கடினமாக இருந்தது. தலையை ஆட்டினால் போதும், கவுஸ் நிம்மதியாகத் தூங்குவார். அவர் முகத்தைப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று திரும்பாமலே பேசினாள்.

"நான் யாருக்காகவும் பேசலைன்னுதான் ஜனங்க கேக்கறாங்க. உங்களுக்காகப் பேசினா நாளைக்கே நிறுத்திடுவாங்க. அப்புறம் அந்தக் குரல் உங்களுக்கும் உதவாது, எனக்கும் உதவாது. சாமான் வெளிய தொங்கறது தப்புதான். அதை எடுத்துடறோம். அதுக்கு வேணும்னா இப்பவே மன்னிப்புக் கேக்கறேன்."

கேஷவ்ராவ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சைனபுவும் கவுஸும் எழுந்து வந்தார்கள்.

அன்று சாயங்காலமே குடங்களையும் வாளிகளையும் உள்ளே இறக்கினார்கள். கடைக்குள் நடக்க இடமில்லாமல் போனது. வியாபாரமும் கொஞ்சம் இறங்கியது. சுஷ்மா தன் பங்குக்கு, குழுவில் அட்மின் மட்டுமே பதிவு போடலாம் என்று மாற்றிவிட்டாள். சைனபு சண்டைக்குப் போகவில்லை. தனியாக ஒரு குழு தொடங்கினாள். முதலில் எதிர்வீட்டு அமலா வந்தாள், பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒருநாள் சுஷ்மாவும் ஒன்றும் சொல்லாமல் வந்து சேர்ந்துகொண்டாள்.

தேர்தலில் கேஷவ்ராவ் ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். இரவெல்லாம் தெருவில் வெடிச்சத்தம் ஓயவில்லை.

மறுநாள் காலை சைனபு போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கவுஸ் பேப்பரை மடித்து வைத்தார்.

"என்ன, இன்னைக்கு லீவா?"

"இனிமே பேசினா பொறாமையில பேசுதேன்னு சொல்லுவாவ."

"சொல்லட்டும். ஜெயிச்ச ஆளைப் பத்தித்தான் பேசணும். தோத்தவனைப் பத்திப் பேசி என்ன செய்ய?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். குக்கர் விசில் வரும் நேரம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

சைனபு பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கினாள்.