முட்டைக்கு விழுந்த லைக்குகள்

மண்ணூர்பேட்டையில் கிருபாகரனின் பிரியாணிக் கடைக்கென்று ஒரு சட்டம் உண்டு. கடையின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு லைக் போட்டதைக் காட்டினால் ஒரு முட்டை இலவசம். வாசல் போர்டிலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தான்.

பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் சபீனா அன்று மதியம் போனை நீட்டினாள். "லைக் பட்டனையே காணோம்ணா. ஃபாலோன்னுதான் கீது. அதைப் போட்டுட்டேன்."

கிருபாகரனுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஃபேஸ்புக்காரன் அவன் இஷ்டத்துக்கு வார்த்தைய மாத்துவான், நான் போர்டு மாத்திகினே இருக்கணுமா? பட்டனே வேணாம். துன்னுட்டு, நல்லா கீதுன்னு வாயால சொல்லு. முட்டை உன்னுது."

தன் பிரியாணிமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சபீனா நிதானமாக நாலு வாய் சாப்பிட்டாள். "உப்பு கம்மிண்ணா. எப்பவுமே கம்மிதான். நீங்க கேட்டதே இல்ல."

"நாலாயிரம் பேரு லைக் போட்ட பிரியாணிம்மா இது!" என்று எகிறியவன், அண்டாவிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். மென்றான். இன்னொரு பிடியும் அள்ளி மென்றான்.

பிறகு அவள் தட்டில் இரண்டு முட்டைகளை வைத்தான்.

"நாலாயிரம் பேரும் முட்டைக்குத்தான் போட்டிருக்கானுங்க" என்றான்.